சாயும் லென்ஸும் ஓடும் படமும்

ஜூன் 3

லென்ஸ்பேபி நிறுவனத்தின், முகப்பைக் கையால் சாய்க்கக்கூடிய ஸ்வீட் 50 லென்ஸைக் கேமராவில் பொருத்தினேன். மின்தொடர்பு இல்லாத லென்ஸ் என்பதால், லென்ஸ் இல்லாமலும் பதிவுசெய்ய அனுமதிக்கும் அமைப்பை இயக்கி, அதிர்வுத் தடுப்புக்குக் குவியத்தூரம் 50 எனக் கையால் பதிய வேண்டியிருந்தது. இதன் குவியப் பரப்பு தட்டையாக இல்லாமல் வளைந்திருப்பதால், நடுவே ஒரு வட்டம் மட்டும் தெளிந்து, சுற்றிலும் உருவம் கரைகிறது. 1840இல் கணிதவியலாளர் பெட்ஸ்வால் வடிவமைத்த உருவப்பட லென்ஸிலும் இதே வளைவு உண்டு. அன்று குறையாக இருந்ததையே இன்று விலை கொடுத்து வாங்குகிறோம்.

ஜூன் 5

வெயிலில் எடுத்துப் பார்த்தேன். நொடிக்கு 25 ஃபிரேம், ஷட்டர் 1/50 நொடி, ஒளியுணர்திறன் ஐ.எஸ்.ஓ. 100 என்றால் உச்சி வெயிலுக்கு லென்ஸின் துளை எஃப் 22 ஆகச் சுருங்க வேண்டியிருக்கிறது (எண் கூடக்கூடத் துளை சிறுக்கும்). ஆனால் எஃப் 8ஐத் தாண்டினாலே தெளிவட்டம் பெருகி, இந்த லென்ஸுக்கென்று தனித்தன்மை எதுவும் எஞ்சுவதில்லை. எஃப் 2.8இல் நிற்க ஒளியை ஆறு ஸ்டாப், அதாவது ஆறு முறை பாதி பாதியாக, குறைக்கும் என்.டி. ஃபில்டர் வேண்டும்.

ஜூன் 9

புகைப்படத்தில் தெளிவட்டத்தை முகத்தின்மேல் வைத்துவிட்டால் வேலை முடிந்தது. வீடியோவிலோ முகம் நகர்கிறது, வட்டம் ஃபிரேமோடு ஒட்டி நிற்கிறது. நடப்பவரைத் தொடர்ந்து லென்ஸைச் சாய்த்துக்கொண்டே போனால், சாய்வோடு ஃபிரேமும் இடம் மாறி, ஃபோகஸும் நழுவுவதால், பார்ப்பவரின் கண் நடிகரை விட்டுவிட்டுக் கருவியைக் கவனிக்கத் தொடங்குகிறது. ஆகவே சாய்வைப் பூட்டி, கேமராவை டிரைபாடில் நிறுத்தி, அவரையே வட்டத்துக்குள் நடந்து வரச் சொல்கிறேன். மங்கலிலிருந்து ஒருவர் தெளிவுக்குள் நுழையும் அந்த ஓரிரு நொடிகளுக்காகவே இந்த லென்ஸை வைத்திருக்கலாம். தெளிவான விளிம்புகளைத் திரையில் காட்டும் ஃபோகஸ் பீக்கிங் வண்ணக்கோடு ஓரளவே உதவுகிறது. மென்மையான இந்த உருவத்தில் படத்தைப் பெரிதாக்கிப் பார்ப்பதே நம்பகமானது.

ஜூன் 14

லென்ஸ்பேபியின் இன்னொரு லென்ஸான எட்ஜ் 80 வேறு குணம் கொண்டது. இதில் தெளிவு ஒரு பட்டையாக விழுகிறது. லென்ஸைச் சாய்த்தால் தெளிவுத் தளமும் சாயும் என்னும் ஷீம்ப்ஃப்ளுக் விதியே இதற்கு அடிப்படை. கேமராவிலிருந்து வெவ்வேறு தூரங்களில் அமர்ந்திருக்கும் இருவரையும் அகன்ற துளையிலேயே தெளிவாக வைத்து, சுற்றியுள்ளவற்றைக் கரைத்துவிட முடிகிறது; உரையாடல் காட்சிக்கு ஸ்வீட்டைவிட இதுவே பொருந்துகிறது.

ஜூன் 16

படத்தொகுப்பில் ஒன்று தெரிந்தது. ஒரு ஷாட்டின் தெளிவட்டம் இடது ஓரத்தில் முடிந்து, அடுத்தது வலது ஓரத்தில் தொடங்கினால், சாதாரண லென்ஸில் உறுத்தாத வெட்டும் இங்கே குதிப்பாகத் தெரிகிறது. அடுத்த படப்பிடிப்புக்கான ஷாட் பட்டியலில், ஒவ்வொரு ஷாட்டும் முடியும்போது வட்டம் எங்கே நிற்கிறது என்பதற்கும் ஒரு நெடுவரிசையைச் சேர்த்திருக்கிறேன்.