மாலை நாலரைக்கு மஞ்சள் தொப்பி

பேத்தியின் காலில் போட்ட நாலு தையலில்தான் இது தொடங்கியது.

போன வருஷம் மாசி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. திருகோணமலையில் எங்கள் வீட்டில் இருந்து ஐந்து நிமிட நடையில், கடலைப் பார்த்தபடி ஒரு சின்னப் பூங்கா இருக்கிறது. இரண்டு ஊஞ்சல், ஒரு சறுக்கு, நாலு சீமெந்து வாங்கு, ஒரு பூவரசு. அவ்வளவுதான். சறுக்கில் இருந்து இறங்கி மணலில் கால் வைத்தவள் கத்தினாள். உடைந்த பியர் போத்தலின் அடிப்பாகம், கூரான பக்கம் மேலே பார்க்க மணலுக்குள் புதைந்து கிடந்தது.

நான் 31 வருஷம் குடும்பநல மாதுவாக, அதாவது வீடு வீடாகப் போய்க் கர்ப்பிணிகளையும் குழந்தைகளையும் கவனிக்கும் மருத்துவமாதுவாக வேலை செய்தவள். இரத்தம் எனக்குப் புதிதில்லை. ஆனாலும் அன்றைக்குச் சீலைத் தலைப்பைக் கிழித்துக் கட்டும்போது கை நடுங்கியது. அதைவிட, கூடி நின்றவர்களில் ஒரு தாய் சொன்னதுதான் இன்றுவரை காதில் நிற்கிறது. "மிஸ்ஸி, பிள்ளையை ஏன் இங்க கூட்டிக்கொண்டு வந்தீங்க?" அவர் கோபமாகக் கேட்கவில்லை. என்மேல் இரக்கப்பட்டுத்தான் கேட்டார். ஊஞ்சலும் சறுக்கும் பிள்ளைகளுக்காகப் போட்டவை. அங்கே பிள்ளையைக் கூட்டிப்போனது என் பிழை என்று ஊரே நம்பும் அளவுக்கு நாங்கள் பழகிப்போயிருக்கிறோம்.

சம்பந்தப்பட்ட அலுவலகத்துக்கு எழுதினேன். ஒரு நாள் ஆட்கள் வந்து கூட்டிப் பெருக்கினார்கள். மூன்றாம் நாள் பூங்கா பழையபடி. கூட்டியவர்களில் எனக்குக் குறை இல்லை. காலை ஆறு மணிக்கு வந்து கூட்டிவிட்டுப் போகிறவர், மாலை ஆறு மணிக்கு விழும் குப்பையை எப்படித் தடுப்பார்?

அதற்கு முந்திய வருஷக் கோடையில் நியூயோர்க்கில் இருக்கும் மகனிடம் போயிருந்தேன். ஒரு நாள் 42ஆம் தெருவில், பெரிய பொது நூலகத்துக்குப் பின்னால் இருக்கும் பிரயன்ட் பூங்காவுக்குக் கூட்டிப்போனான். கட்டடங்களுக்கு நடுவே பச்சையாக ஒரு புல்வெளி. சுற்றிவரப் பச்சை நிறக் கதிரைகள், எதையும் நிலத்தோடு பூட்டி வைக்கவில்லை. நிழல் நகர, சனம் கதிரையையும் நகர்த்திக்கொண்டு போகிறது. நான் கழிப்பறையைத் தேடி முழிசிக்கொண்டு நின்றேன். நீளக் கைபிடி போட்ட தூசித்தட்டோடு நின்ற சீருடைக்காரர் ஒருவர் தானாகவே வந்து என்ன வேண்டும் என்று கேட்டார். பொதுக் கழிப்பறைக்குள் புதுப் பூ வைத்திருந்ததை என் வாழ்க்கையில் அன்றைக்குத்தான் கண்டேன்.

"அம்மா, இந்த இடம் முன்னர் இப்படி இல்லை" என்றான் மகன். 1970களில் போதைப்பொருள் விற்பவர்கள் பிடித்து வைத்திருந்த பூங்காவாம். பகலிலேயே ஆட்கள் சுற்றிப் போவார்களாம். 1980இல் இதைத் திருத்தவென்றே ஓர் அமைப்பு உருவாகி, 1988இல் பூங்காவை மூடி, நாலு வருஷம் வேலை செய்து 1992இல் திறந்திருக்கிறார்கள். வில்லியம் வைட் என்பவர் பொது இடங்களில் சனம் எங்கே இருக்கிறது, எங்கே நிற்கிறது என்று வருஷக்கணக்காகப் பார்த்து எழுதியவர். இந்தப் பூங்கா கெட்டதற்கு அவர் சொன்ன முக்கியமான காரணம், அது தெருவில் இருப்பவர்களின் கண்ணுக்குப் படவில்லை என்பது. வேலியும் செடியும் மறைத்திருந்தன. மறைப்பை எடுத்தார்கள், வாசல்களைக் கூட்டினார்கள். அதோடு, நாள் முழுக்க அங்கேயே நின்று கூட்டவும் கவனிக்கவும் வழி சொல்லவும் சம்பளத்துக்கு ஆள் வைத்தார்கள். ஒரு பொது இடத்தில் பெண்கள் குறைவாக இருந்தால் அந்த இடத்தில் ஏதோ பிழை என்று அர்த்தம் என்றும் வைட் எழுதியிருக்கிறாராம். அதைக் கேட்டபோது எங்கள் பூங்கா கண்முன் வந்தது. மாலை ஆறு மணிக்கு அங்கே ஒரு பெண்ணும் இருக்கமாட்டாள்.

இப்படி இடத்திலேயே நிற்பவர்களை அமெரிக்க நகரங்கள் பலவற்றில் அம்பாசிடர் என்கிறார்கள். பிலடெல்பியாவின் நடுநகரில் 1991இல் இருந்தே இந்த முறை இருக்கிறது. தமிழில் தூதுவர் என்றால் கொழும்பில் கொடி கட்டிய காரில் போகிறவர் என்று சனம் நினைக்கும். எங்களுக்கு அந்தப் பெயர் ஒட்டாது. ஆனால் வேலை எனக்கு நன்றாகப் புரிந்தது, ஏனென்றால் நான் செய்த வேலையும் அதுதான். 1926இல் களுத்துறையில் முதல் சுகாதாரப் பிரிவைத் தொடங்கியதில் இருந்து இந்த நாட்டில் மருத்துவமாதுக்கு ஒரு பகுதியைக் கொடுத்து, இது உன் பகுதி என்று விட்டார்கள். எந்த வீட்டில் கர்ப்பிணி, எந்தப் பிள்ளை நிறை குறைவு, எந்தக் கிணற்றடியில் நுளம்பு என்று அவளுக்குத் தெரியும். ஒரே முகம் ஒரே ஒழுங்கைக்குத் திரும்பத் திரும்பப் போவதுதான் அந்த வேலையின் பலம்.

எங்கள் ஊரில் பாதுகாப்பு என்ற சொல்லைப் பற்றியும் சொல்ல வேண்டும். திருகோணமலையில் அந்தச் சொல்லைக் கேட்டால் என் வயதுக்காரருக்கு நிம்மதி வராது. ஆறு மணிக்குப் பிறகு கடற்கரைப் பக்கம் தலைகாட்டாத வருஷங்கள் எங்களுக்கு இருந்தன. 2004 மார்கழி 26இல் கடல் வந்தது. அடுத்த வருஷம் முழுக்கப் பிள்ளைகள் அலைச் சத்தத்துக்கே அழுதார்கள். 2006 ஜனவரி 2ஆம் திகதி மாலை, காந்தி சிலைக்குப் பக்கத்தில், கடற்கரையில் கதைத்துக்கொண்டிருந்த ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்டார்கள். மாலைக் காற்று வாங்கப் போன பிள்ளைகள். இதையெல்லாம் மனதில் வைத்திருக்கும் சனத்திடம், பூங்காவுக்குக் காவல் போடுவோம் என்று நான் எப்படிச் சொல்வது? எங்களுக்குத் தேவை சீருடையும் தடியும் விசிலும் இல்லாத ஓர் ஆள். பெயர் தெரிந்த, பேச்சுக் கொடுக்கக்கூடிய, தினமும் நிற்கிற ஓர் ஆள்.

சரி, யார் நிற்பது? நான்தான் நின்றேன். பங்குனி முதல் ஞாயிறு, மாலை நாலரை மணி. கூட்டுமாறு, கையுறை, இரண்டு உரப்பை. வெயிலுக்கு மருமகனின் மஞ்சள் தொப்பி. அந்தத் தொப்பியே பிறகு எங்கள் அடையாளம் ஆகிவிட்டது.

முதல் வாரம் நான் பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. பார்த்துக்கொண்டு இருந்தேன். வாசலில் கச்சான் விற்கும் அக்காவைப் பார்க்கப் பார்க்க ஒரு விஷயம் விளங்கியது. மூன்று மணிக்கு வந்து எட்டு மணிக்குப் போகிறார். எந்தப் பிள்ளை எந்த வீட்டுப் பிள்ளை என்று தெரியும். பதினொரு வயதுப் பிள்ளை ஒன்றின் பின்னால் தெரியாத ஒருவன் இரண்டு தரம் சுற்றி வந்ததைக் கண்டு, பிள்ளையைப் பேர் சொல்லிக் கூப்பிட்டுத் தன் பக்கத்தில் இருத்திக்கொண்டதை நானே பார்த்தேன். யாரும் கேட்காமலே இந்த வேலையை எத்தனை வருஷமாக அவர் செய்துகொண்டிருக்கிறார்! அவரிடம் போய், "அக்கா, நீங்களும் சேருங்க" என்றேன். "நான் ஏற்கெனவே இங்கதானே இருக்கிறன் மிஸ்ஸி" என்றார். இரண்டாவது மஞ்சள் தொப்பி அவருக்கு.

இரண்டாவது வேலை பனர். ரியூசன் வகுப்பு, காணி விற்பனை, போன தேர்தலில் மிஞ்சியவை என்று வீதிப்பக்கக் கம்பிவேலி முழுக்கக் கட்டியிருந்தார்கள். எதிரில் ஓட்டோ தரிப்பிடம். ஏழெட்டுத் தம்பிமார் நாள் முழுக்க அங்கேதான் நிற்பார்கள். ஆனால் பனருக்கு இந்தப் பக்கம் என்ன நடக்கிறது என்று அவர்களுக்குத் தெரியாது. கட்டியவர்களுக்கு ஒவ்வொருவராகப் போன் எடுத்துச் சொல்லி, அவிழ்த்து, மடித்து, திருப்பிக் கொடுத்தோம். ஒருவர்கூட மறுக்கவில்லை. அன்றைக்கு மாலை வீதியில் இருந்து பார்த்தேன். ஊஞ்சலும் கடலும் ஒன்றாகத் தெரிந்தன. செலவு ஒரு சதமும் இல்லை.

குப்பைத் தொட்டிதான் எங்களை மிகவும் அலைக்கழித்தது. வெளியூர்க்காரருக்குத் தெரியாமல் இருக்கலாம், திருகோணமலையில் புள்ளிமான்கள் நகருக்குள் திரிகின்றன. பிரட்றிக் கோட்டைக்குள் மட்டுமில்லை, வீதியிலும் கடற்கரையிலும்தான். கோணேசர் கோயிலுக்கும் கோட்டைக்கும் வரும் பஸ்காரர் கடற்கரையில் இருந்து சோற்றுப் பார்சல் சாப்பிடுவார்கள். சோறு சுற்றும் பொலித்தீன் தாளான லஞ்ச் சீற்றுக்கு 2017 செப்டெம்பரில் தடை வந்தும் அது ஒழிந்தபாடில்லை. கறி வாசம் பிடித்த தாளை மான் அப்படியே மென்று விழுங்கும். செத்த மான்களின் வயிற்றில் இருந்து பொலித்தீன் எடுத்திருக்கிறார்கள். நாங்கள் வாங்கிவைத்த பிளாஸ்டிக் வாளியை முதல் இரவே மானோ மாடோ உருட்டிவிட்டது. பிறகு ஒரு பழைய தார் பீப்பாவை வெட்டி, மூடி போட்டு, இரும்புக் காலில் இடுப்பளவு உயரத்தில் நிறுத்தினோம். மூடி கனமாக இருந்தால் பிள்ளைகள் திறக்கமாட்டார்கள், இலேசாக இருந்தால் காகம் திறக்கும். மூன்றாவது மூடிதான் சரிவந்தது. உக்கும் குப்பைக்கு ஒன்று, உக்காததற்கு ஒன்று. போத்தலுக்குத் தனிப் பெட்டி.

அந்தப் போத்தல் பெட்டியைப் பற்றிச் சிலர் என்னோடு சண்டைக்கே வந்தார்கள். குடிக்கிறவர்களுக்கு வசதி செய்து கொடுக்கிறீர்களா என்று. எனக்குக் குடி பிடிக்காது. வேலைக் காலத்தில் அதனால் அழிந்த வீடுகளை நிறையப் பார்த்தவள். ஆனால் என் பேத்தியின் காலைக் கிழித்தது உடைந்த போத்தல். அதை முதலில் நிறுத்த வேண்டும். ஒரு நாள் இருட்டும் நேரம் நாலு பெடியன்கள் வாங்கில் இருந்தார்கள். கிட்டப்போய், "தம்பி, போத்தலை உடைக்காதீங்க, அந்தப் பெட்டியில வையுங்க, பழைய போத்தல் எடுக்கிறவர் வந்து எடுப்பார்" என்றேன். ஒருவன் எழும்பி, "இது உங்கட காணியா?" என்றான். நான் பதில் சொல்லவில்லை. பக்கத்தில் இருந்தவன் என் முகத்தைப் பார்த்துவிட்டு அவன் கையைப் பிடித்து இருத்தினான். அவனை எனக்குத் தெரியும். கிளினிக் தராசுத் தொட்டிலில் அழுது குழறியவன். நிறை ஏறாமல் ஆறு மாதம் அவன் தாயோடு நானும் கவலைப்பட்டேன். அவர்கள் குடிப்பதை விட்டார்கள் என்று சொல்லமாட்டேன். இடத்தை மாற்றியும் இருக்கலாம். ஆனால் சித்திரைக்குப் பிறகு இந்த மணலில் நான் பொறுக்கிய கண்ணாடித் துண்டுகள் ஒரு கைப்பிடி வராது.

வாங்கில் படுக்கும் ஐயா ஒருவர் இருக்கிறார். அவரைத் துரத்தினால்தான் குடும்பங்கள் வரும் என்று இரண்டு பேர் சொன்னார்கள். அமெரிக்க நகரங்களிலும் இந்த அம்பாசிடர்கள் மீது இதே குற்றச்சாட்டு உண்டு, வீடில்லாதவர்களைக் கண்ணில் படாமல் தள்ளிவிடுவதுதான் அவர்கள் வேலை என்று. இதில் நான் ஒரு அடியும் விட்டுக்கொடுக்கமாட்டேன். அந்த ஐயா ஒருவருக்கும் கெடுதல் செய்ததில்லை. அவருக்குக் காலில் ஆறாத புண் இருந்தது. அதைக் கழுவிக் கட்டி, ஓட்டோத் தம்பி ஒருவரோடு ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். இப்போது காலையில் பூவரசு இலையை அவர்தான் கூட்டுகிறார். நாங்கள் கேட்கவில்லை.

சனி ஞாயிறுகளில் வருபவர்களில் பாதிக்கு மேல் சிங்களவர்கள். என் சிங்களம் கிளினிக் சிங்களம், ஊசி, நிறை, மருந்து என்பதோடு முடிந்துவிடும். என்னோடு வேலை செய்து ஓய்வுபெற்ற சிங்களத் தோழி ஒருவர் இப்போது சனிக்கிழமைகளில் வருகிறார். "மல்லி", அதாவது தம்பி என்று அவர் சிரித்துக்கொண்டு கூப்பிட்டால், பஸ்ஸில் ஏறப்போன பெடியனும் திரும்பிவந்து பார்சலைப் பீப்பாவுக்குள் போடுகிறான். நான் அதையே சொன்னால் உத்தரவு மாதிரிக் கேட்கிறது போல. கிண்ணியாவில் இருந்து வரும் தங்கச்சி ஒருத்தி மாரிக்கு முன்னர் தயிர்ச் சட்டி, சிரட்டை, யோகட் கப் எல்லாம் தேடிக் கவிழ்க்கிறாள். 2017இல் டெங்கு கிண்ணியாவை என்ன பாடு படுத்தியது என்று அவளுக்கு யாரும் சொல்லத் தேவையில்லை.

இனிக் காசுக் கதை. இப்போது எட்டுப் பேர் முறை வைத்து நிற்கிறோம், எல்லாரும் சும்மா. இது நெடுநாள் ஓடாது. எனக்கு முழங்கால் வலி, தோழிக்கு மகள் பிரசவம், கச்சான் அக்காவுக்கு வியாபாரம். பிரயன்ட் பூங்காவில் நிற்பவர்கள் சம்பளம் வாங்குகிறவர்கள். அந்தச் செலவில் ஒரு பங்கைச் சுற்றியிருக்கும் கட்டடங்களின் சொந்தக்காரர்கள் கட்டுகிறார்கள், பூங்கா நன்றாக இருந்தால் அவர்களுக்கும் இலாபம் என்பதால். நான் ஒரு கணக்குப் போட்டேன். ஒரு பெண், ஒரு ஆண், மாலை நாலு முதல் எட்டு வரை, ஆளுக்கு நாளுக்கு 1,500 ரூபாய். மாதம் 90,000. பூங்காவைச் சுற்றி நடந்து எண்ணினேன், சின்னதும் பெரிதுமாக 40 கடைகள். கடைக்கு மாதம் 2,250 ரூபாய். பெரிய கடை கூடவும் பெட்டிக்கடை குறையவும் தரலாம். இதுவரை ஆறு பேர் சம்மதித்திருக்கிறார்கள். பூட்டியே கிடக்கும் கழிப்பறையின் திறப்பை எங்களிடம் தரும்படியும் கேட்டு எழுதியிருக்கிறோம். ஒரு பெண் இரண்டு மணி நேரம் பூங்காவில் இருப்பதும் அரை மணியில் எழும்பிப் போவதும் அந்தத் திறப்பில்தான் இருக்கிறது. ஆண்கள் இதைக் கேட்டால் தலையாட்டிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விடுகிறார்கள். நான் விடப்போவதில்லை.

நேற்று மாலை எண்ணிப் பார்த்தேன். ஆறு மணிக்கு, மின்கம்ப வெளிச்சம் வந்த பிறகு, பதினான்கு பெண்கள். இரண்டு பேர் வாங்கில் இருந்து கதைத்தார்கள், ஒரு பாட்டி செருப்பைக் கழற்றிவிட்டு மணலில் நடந்தார். பேத்தி இன்னமும் அந்தச் சறுக்கில் ஏறமாட்டேன் என்கிறாள். ஊஞ்சல் மட்டும்தான்.

வருகிற சனிக்கிழமை நாலரைக்குச் சிங்களம் தெரிந்த ஒருவர் கட்டாயம் தேவை. தோழி மகளோடு ஆஸ்பத்திரியில் நிற்பார். தொப்பி என்னிடம் இருக்கிறது, தண்ணீர்ப் போத்தலைக் கொண்டுவாருங்கள்.