ஃபார்மட் அடிக்கவா, அப்கிரேட் குடுக்கவா?

மார்த்தாண்டத்துல டிடிபி கடை வச்சிருக்க மாமா இன்னும் உபுண்டு 20.04லதான் (லினக்ஸ்ல ஒரு வகை, 2020 வெர்ஷன்) கெடக்காரு. அதுக்கு சாதாரண சப்போர்ட் 2025 மே மாசத்தோட முடிஞ்சாச்சு. "மக்ளே, அப்கிரேட் குடுக்கவா, இல்ல ஃபார்மட் அடிச்சிரவா?"ன்னு போன்ல கேட்டாரு. நம்ம பக்கம் சர்வீஸ் கடைல எந்த வியாதிக்கும் ஃபார்மட்தான் மருந்து, விண்டோஸ்ல பழகின கை அது. லினக்ஸுக்கு அப்டி பொதுவா சொல்லிர முடியாது.

ஆனா மாமாவுக்கு நானும் ஃபிரெஷ் இன்ஸ்டால்தான், அதாவது அழிச்சிட்டு புதுசா போடத்தான் சொன்னேன். ஏன்னா 20.04ல இருந்து நேரா 24.04க்கு போக வழி இல்ல, நடுவுல 22.04ல ஏறி இறங்கணும். போதாததுக்கு அவரு கண்ட இடத்துல இருந்தும் பிபிஏ, அதாவது உபுண்டுவோட சொந்த லிஸ்ட்ல இல்லாத வெளி ஆளுங்க சாஃப்ட்வேர் குடுக்குற எடம், சேத்து வச்சிருக்காரு. அப்கிரேட் ஓடும்போது உபுண்டு அதையெல்லாம் ஆஃப் பண்ணிரும், ஆனா அதுல இருந்து வந்த பேக்கேஜ் (சாஃப்ட்வேர் பொட்டலம்) அப்டியே உக்காந்திருக்கும், ஒண்ணுக்கு வேண்டிய வெர்ஷன் இன்னொண்ணுக்கு ஒத்துப்போகாம அங்கதான் டிபெண்டன்சி சண்டை ஆரம்பிக்கும்.

புதுசா போடுறதுக்கு அரை மணி நேரம் கூட ஆகாது. அதுக்கப்புறம் பிரிண்டர், ஸ்கேனர், தமிழ்99 கீபோர்டுன்னு ஒவ்வொண்ணா ஞாபகம் வந்து சேக்கறதுதான் பாடு. கல்யாண பத்திரிகைக்கு அவரு வச்சிருக்க பாமினி ஃபாண்டெல்லாம் ஹோம் ஃபோல்டருக்குள்ள இருந்தா பொழைச்சாரு, யூஎஸ்ஆர்ங்கிற சிஸ்டம் ஃபோல்டர் பக்கம் போட்டிருந்தா தனியா காப்பி எடுக்கணும். ஹோம் டிஸ்க்ல தனி பார்ட்டிஷனா (தனியா பிரிச்ச பாகமா) இருந்தா இன்ஸ்டாலர்ல அதையே ஹோம்னு காட்டிட்டு ஃபார்மட் டிக்க மட்டும் எடுத்துவிட்டா போதும், பழைய யூசர் பேரையே குடுங்க, முதல் யூசருக்கு பழசு, புதுசு ரெண்டுலயும் ஐடி நம்பர் 1000தான், அதனால பெர்மிஷன் தகராறும் வராது. அழிக்கிறதுக்கு முன்னாடி ஏபிடி-மார்க் ஷோமேனுவல் (apt-mark showmanual) அடிச்சு, கையால போட்ட பேக்கேஜ் லிஸ்ட்ட ஒரு ஃபைல்ல எடுத்து பென்டிரைவ்ல போட்டுக்கிடுங்க.

சர்வர்னா எனக்கு நேர் எதிர் கருத்து. வீட்டு சர்வர்ல இருக்க டெபியன் 12ஐ (இதுவும் ஒரு லினக்ஸ்தான்) 13க்கு அப்கிரேட்தான் பண்ணேன், சாஃப்ட்வேர் எங்க இருந்து வரணும்னு சொல்ற சோர்ஸஸ் ஃபைல்ல புக்வார்ம் (12ஓட பேரு) இருந்த எடத்துல டிரிக்ஸி (13ஓட பேரு) போட்டு, முதல்ல சாதா அப்கிரேட், பொறவு ஃபுல்-அப்கிரேட். நடுவுல நின்னு "இந்த கான்ஃபிக் (செட்டிங்) ஃபைல நீ மாத்தியிருக்க, புதுச போடவா?"ன்னு கேக்கும். சும்மா என்டர் தட்டினா நம்மளுது இருக்கும், ஒய் குடுத்தா நாம செஞ்ச மாத்தமெல்லாம் புதுசுக்கு வழிவிட்டுரும். டி அடிச்சு வித்தியாசத்த பாத்துட்டு முடிவெடுங்க. போஸ்ட்கிரெஸ்ங்கிற டேட்டாபேஸ் 15ல இருந்து 17க்கு தானா மாறாது, டேட்டா பழைய 15லயே கெடக்கும், அத நாமதான் மாத்தணும்.

அப்கிரேட்டுன்னா பேக்கப் வேண்டாம்னு நெனக்கிறவங்கள என்ன சொல்றதுன்னே தெரியல, ரெண்டுக்குமே வேணும் சாமி.

அப்புறம் கரண்டு. நமக்கு ரெண்டு பருவமழையும் உண்டு, ஒரு காத்தடிச்சா லைன் போயிரும். ஃபிரெஷ் பாதில நின்னா மறுபடி முதல்ல இருந்து போடலாம், அப்கிரேட் பாதில நின்னா பாதி பழசு பாதி புதுசா நிக்கும். ரெக்கவரி மோடுல போயி டிபிகேஜி --கான்ஃபிகர் -ஏ (dpkg --configure -a), அப்புறம் ஏபிடி -எஃப் இன்ஸ்டால் (apt -f install) அடிச்சா பெரும்பாலும் எழுந்து வந்துரும். யூபிஎஸ் இல்லாத டெஸ்க்டாப்னா மானம் கறுத்திருக்கும்போது மட்டும் அப்கிரேட்டுல கை வைக்காதீங்க.