டெக்சாஸ்காரி

"டெக்சாஸா? சரி விடுங்க, யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

பனிச்சறுக்கு மலையில், கம்பியில் தொங்கியபடி மேலே ஏறும் லிஃப்டின் நாலு பேர் பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர் சொன்னது இது. தாடியில் பனி உறைந்திருந்தது. குரலில் அப்படி ஒரு பரிதாபம். நான் ஏதோ தீராத வியாதியைச் சொல்லிவிட்ட மாதிரி பார்த்தார்.

"எங்கிருந்து வர்றீங்க?" என்றுதான் முதலில் கேட்டார். இந்தக் கேள்விக்கு நம் ஆட்கள் எல்லோரையும் போல நானும் பதில்களைப் படிப்படியாக அடுக்கி வைத்திருக்கிறேன். இப்போது இருக்கும் ஊரைச் சொல்வேன். "இல்லை, அதற்கு முன்னால்?" என்பார்கள். இந்தியா என்பேன். உடனே அவர்களுடைய பல் டாக்டரோ, கூட வேலை பார்ப்பவரோ இந்தியராக இருப்பார். அதற்கப்புறம் சிக்கன் டிக்கா. அன்றைக்கு முதல் படியிலேயே நின்றுவிட்டது. டெக்சாஸின் டல்லாஸிலிருந்து கொலராடோவின் டென்வருக்கு வீடு மாறிய புதிது, அதனால் வாய் தன்னால் "டல்லாஸ்" என்றது. மனிதர் இந்தியாவுக்குப் போகவே இல்லை. மலை உச்சி வரும்வரை என்னை டெக்சாஸ்காரியாகவே வைத்துக் கலாய்த்துவிட்டு, சர்ரென்று இறங்கிப் போய்விட்டார்.

கோபம் வந்திருக்க வேண்டும். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. டெக்சாஸில் அத்தனை வருஷம் வீட்டு வரி கட்டியும் ஒருத்தர் என்னை டெக்சாஸ்காரி என்று சொன்னதில்லை. அந்தப் பட்டம் கிடைக்க அந்த மாநிலத்தை விட்டு வெளியேறி, மூவாயிரம் மீட்டர் உயரத்துக்கு மேலே வந்து, வாடகை பூட்ஸில் கால் மரத்துப்போய் உட்கார வேண்டியிருந்தது.

கொலராடோவில் டெக்சாஸ்காரர்களைக் கிண்டல் செய்வது தனிக் கலை. மார்ச் நடுவில் டெக்சாஸில் பள்ளிகளுக்கு விடுமுறை விடுவார்கள். குடும்பம் குடும்பமாகப் பெரிய வண்டிகளில் வடக்கே கிளம்பி வருவார்கள். மலையில் அவர்களைக் கண்டுபிடிக்க அடையாளங்கள் உண்டு. முதல் அடையாளம் ஜீன்ஸ். இரண்டாவது, இரண்டு கோல்களையும் கக்கத்தில் இடுக்கி, குனிந்து, திரும்பாமல் நேராகக் கீழே பாய்வது. அதற்கு 'டெக்சாஸ் டக்' என்றே பெயர். டெக்சாஸ்காரர்கள் பனியில் சறுக்க வேண்டும் என்று கடவுள் நினைத்திருந்தால் மாட்டுச் சாணத்தை வெள்ளையாகப் படைத்திருப்பார் என்று ஒரு பழைய ஸ்டிக்கர் ஜோக் கூட இருக்கிறது.

என் வீட்டுக்காரருக்கு இதெல்லாம் முன்கூட்டியே யாரும் சொல்லவில்லை. முதல் நாள் ஜீன்ஸோடுதான் வந்தார். "நல்ல கெட்டித் துணி, குளிர் ஏறாது" என்று எனக்கே விளக்கம் வேறு. பனியில் விழுந்தால் அது உடனே நனைப்பதில்லை. துணியில் ஒட்டும், உடம்புச் சூட்டில் மெல்லக் கரையும், லிஃப்டில் உட்கார்ந்ததும் காற்றில் மறுபடி உறையும். மத்தியானச் சாப்பாட்டுக்கு உள்ளே வந்தபோது முழங்காலுக்குக் கீழே இரண்டு காலும் மடங்கவில்லை. மேஜைக்கு அடியில் காலை நீட்டிவைத்து உட்கார்ந்திருந்தார். கொஞ்ச நேரத்தில் தரையில் தண்ணீர் தேங்கியது. துடைப்பத்தோடு வந்த பையன் ஜீன்ஸைப் பார்த்தான், இவரைப் பார்த்தான், "டெக்சாஸ்?" என்றான். ஆக, அன்றைக்குக் குடும்பத்துக்கே பட்டம் கிடைத்தது.

டெக்சாஸோடு இது முடிகிறது என்று நினைத்திருந்தேன். முடியவில்லை. ஹெல்மெட்டுக்கும் கண்ணாடிக்கும் நடுவே நெற்றி தெரிந்தால் 'கேப்பர்'. ஏதாவது கோமாளித்தனம் செய்தால் 'ஜெர்ரி'. டென்வர் பக்கம் குடியிருந்து சனி ஞாயிறு மட்டும் மலைக்கு வருகிறவர்கள் 'ஃப்ரண்ட் ரேஞ்சர்'. இது மலையூர்க்காரர்கள் கொடுக்கும் பட்டம். டெக்சாஸ்காரனைப் பார்த்துச் சிரிக்கும் டென்வர்க்காரனைப் பார்த்து பிரெக்கன்ரிட்ஜ் மலையூரில் குடியிருப்பவன் சிரிக்கிறான். அவனைப் பார்த்து அவனுக்கு முன்னால் வந்தவன் சிரிக்கிறான். பாஸ்டனில் இருக்கும் தோழி சொல்கிறாள், வெர்மான்ட்டில் எல்லா வெளியூர்க்காரர்களுக்கும் சேர்த்து ஒரே பெயராம், 'ஃப்ளாட்லேண்டர்', சமவெளிக்காரன். அங்கேயே பிறந்த பிள்ளைகளுக்கும் விடுதலை கிடையாதாம். அடுப்புக்குள் பூனை குட்டி போட்டால் அது பிஸ்கட் ஆகிவிடுமா என்று கேட்பார்களாம்.

நான் இதைக் கேட்டு அதிகம் சிரிக்கவில்லை. காரணம், நான் பிறந்தது தென்காசியில். சிரிக்கிற பக்கத்தில் நின்று வளர்ந்தவள்.

ஜூன் பிறந்து சாரல் தொடங்கினால் போதும், குற்றாலத்துக்கு ஊர் உலகமெல்லாம் வந்து இறங்கும். சீசன்காரங்க என்போம். வண்டி நம்பரைப் பார்த்தே பிரித்துவிடுவோம். அப்போதெல்லாம் டிஎன் 72 என்றால் நம்ம வண்டி. 59 மதுரை, 01 மெட்ராஸ், கேஎல் என்றால் மலைக்கு அந்தப் பக்கம். பேரருவிக்கும் ஐந்தருவிக்கும் வித்தியாசம் தெரியாமல் ஆட்டோக்காரரிடம் மாட்டிக்கொள்வார்கள். கட்டியான தண்ணீருக்கு நேர் கீழே போய் நின்று தலையைக் கொடுத்துவிட்டு மூச்சுத் திணறுவார்கள். ஷாம்பு பாக்கெட்டைக் கிழித்துப் போட்டுவிட்டுப் போவார்கள். நாங்கள் அந்தக் கூட்டத்தில் கலக்க மாட்டோம். ஆச்சி எங்களை விடிவதற்கு முன்னால் எழுப்பி, தலையில் நல்லெண்ணெயை அறைந்து தேய்த்து, முதல் பஸ்ஸில் கூட்டிப்போவாள். கூட்டம் சேர்வதற்குள் குளித்து முடித்துத் திரும்பும் வழியில், எதிரே துண்டும் கையுமாக வரும் சீசன்காரர்களை ஈரத் தலையோடு ஒரு பார்வை பார்ப்போம் பாருங்கள். அந்தப் பெரியவர் லிஃப்டில் என்னைப் பார்த்தது அதே பார்வைதான்.

ஆட்டோவில் ஏறும்போதும் அப்படித்தான். "இலஞ்சி விலக்குல எறக்கிவிடுங்க அண்ணாச்சி" என்று ஒரு தடவை வாயைத் திறந்தால் போதும், கட்டணம் பாதியாகும். இங்கேயும் உள்ளூர் விலை, வெளியூர் விலை இருக்கிறது. விவரம் தெரிந்தவர்கள் பனி விழுவதற்கு முன்பே எபிக் பாஸோ ஐகான் பாஸோ வாங்கி வைத்துக்கொண்டு சீசன் முழுக்கப் போகிறார்கள். ஆசைப்பட்டு நேராக வந்து கவுண்டரில் நிற்பவருக்கு, பெரிய மலைகளில் ஒரு நாள் டிக்கெட்டே 200 டாலரைத் தாண்டும். என் அம்மாவிடம் இந்தத் தொகையைச் சொன்னபோது, "ஏட்டி, விழுந்து எந்திரிக்கதுக்கா துட்டு கொடுக்கீங்க?" என்றாள்.

சரி, இங்கே யார்தான் உள்ளூர்? பச்சை மலை போட்டு 'நேட்டிவ்' என்று எழுதிய ஸ்டிக்கரைப் பல வண்டிகளில் பார்க்கலாம். கொலராடோவிலேயே பிறந்தவன் என்று அர்த்தம். அதைக் கேலி செய்து 'செமி நேட்டிவ்' என்றும், ஓர் எழுத்தை எடுத்துவிட்டு 'நைவ்' என்றும் ஒட்டிக்கொண்டு திரிபவர்களும் உண்டு. வெளியூர்க்காரன் மீதான இந்த எரிச்சல் நேற்று வந்ததும் இல்லை. 1976 குளிர்கால ஒலிம்பிக்ஸை நடத்தும் வாய்ப்பு டென்வருக்குக் கிடைத்தது. 1972 நவம்பரில் கொலராடோ மக்கள் ஓட்டுப் போட்டு, மாநிலப் பணத்தை அதற்குக் கொடுக்கக் கூடாது என்றுவிட்டார்கள். போட்டி ஆஸ்திரியாவின் இன்ஸ்ப்ரூக்குக்குப் போனது. செலவும் சுற்றுச்சூழலும் பெரிய காரணங்கள்தான். கூடவே, ஊரைப் பார்த்துவிட்டு எல்லோரும் இங்கேயே வந்து உட்கார்ந்துவிடுவார்கள் என்ற பயமும் இருந்தது. அப்போது டெக்சாஸ்காரர்களைவிடக் கலிபோர்னியாக்காரர்கள்தான் வில்லன்கள்.

இதில் எனக்குப் பிடித்த விஷயம் வேறு. இந்த மலைகளில் பனிச்சறுக்கைத் தொடங்கி வைத்தவர்களில் பலர் வந்தேறிகள். 1860களில் நார்வே பாணிப் பலகைகளைக் காலில் கட்டிக்கொண்டு மாஸ்கிட்டோ கணவாயைத் தாண்டித் தபால் கொண்டுபோன ஜான் டயர் என்ற பாதிரியார் ஒஹாயோவில் பிறந்தவர். ஸ்டீம்போட் ஸ்பிரிங்ஸ் ஊருக்குப் பனித்தாவலைச் சொல்லிக்கொடுத்து, 1914இல் குளிர்காலத் திருவிழாவையும் தொடங்கிவைத்த கார்ல் ஹவல்சன் நார்வேக்காரர். அவர்களுக்கெல்லாம் முன்பிருந்தே இந்த மலைகளில் வாழ்ந்த யூட் மக்கள் எந்த ஸ்டிக்கரும் ஒட்டவில்லை. லிஃப்டில் வந்த அந்தப் பெரியவரிடம் "உங்க தாத்தாவுக்கு எந்த ஊர்?" என்று நம்ம ஊர் பாணியில் கேட்டிருக்கலாம். எனக்கு எப்போதுமே பதில் வீட்டுக்கு வந்த பிறகுதான் தோன்றும்.

கொலராடோவில் குடியேறினால் 90 நாளுக்குள் வண்டியை இங்கே பதிவு செய்ய வேண்டும். நாங்கள் கடைசி வாரம்வரை இழுத்தோம். வேறு யாராக இருந்தாலும் சோம்பல் என்பார்கள். இவர் மட்டும் டெக்சாஸ் நம்பர் பிளேட்டைக் கழற்றும்போது ஒரு மாதிரியாகத்தான் இருந்தார். பாப்பா பிறந்த ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்தது அந்த வண்டியில், அந்த நம்பரில். கழற்றிய தகட்டை கராஜில் ஆணி அடித்து மாட்டிவைத்திருக்கிறார். பச்சை மலை போட்ட புதுத் தகடு வந்ததும் நாங்கள் கொலராடோக்காரர்கள் ஆகிவிட்டோம். குறைந்தபட்சம் பின்னாலிருந்து பார்ப்பவர்களுக்கு.

பாப்பாவுக்கு இந்தத் தொல்லையெல்லாம் இல்லை. பீட்ஸா, ஃபிரெஞ்ச் ஃபிரை என்று சொல்லித்தான் குழந்தைகளுக்குக் கற்றுக்கொடுக்கிறார்கள். பலகைகளின் முனைகளைச் சேர்த்து வைத்தால் பீட்ஸா, நிற்கலாம். இணையாக வைத்தால் ஃபிரெஞ்ச் ஃபிரை, பறக்கலாம். ஒரே குளிர்காலத்தில் எளிய சரிவைக் குறிக்கும் பச்சை வட்டத்திலிருந்து அடுத்த நிலையான நீலச் சதுரத்துக்குப் போய்விட்டாள். நான் இன்னும் பச்சை வட்டத்தில் பீட்ஸா போட்டுக்கொண்டிருக்கிறேன். டல்லாஸிலிருந்து பழைய சிநேகிதி வீட்டுக்கு வந்தபோது, அவள் பெண்ணிடம் "யூ கைஸ் ஆர் ஃப்ரம் டெக்சாஸ், ரைட்?" என்று கேட்டாள் என் மகள். டல்லாஸில் பிறந்தவள்!

அவளைச் சொல்லி என்ன? நானே கெட்டுப்போய்விட்டேன். டென்வரிலிருந்து மலைக்குப் போகும் ஐ-70 நெடுஞ்சாலையில் செப்டம்பர் முதல் மே வரை டயர் விஷயத்தில் கடுமையான சட்டம் இருக்கிறது. தேய்ந்த டயரோடு மலை ஏறக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் டென்வர் திரும்பும் கூட்டம் ஐசன்ஹவர் சுரங்கத்துக்கு முன்னால் ஊர்ந்துகொண்டிருக்கும். அப்படி ஒரு நாள் எங்களுக்கு முன்னால் ஒரு வண்டி பின் சக்கரம் வழுக்கிக் குறுக்கே திரும்பி நின்றது. வெள்ளைத் தகட்டில் கறுப்பு எழுத்து. "இந்த டெக்சாஸ்காரங்களுக்கு மலையில என்ன வேலை?" என்றேன். இவர் ஒன்றும் சொல்லவில்லை. கண்ணாடியில் என்னைப் பார்த்தார், அவ்வளவுதான். பின்சீட்டில் பாப்பா மட்டும் "கரெக்ட்!" என்றாள்.

இதற்குப் பெயர்தான் ஊர் ஒட்டிக்கொள்வது என்று நினைத்தேன். இப்போதெல்லாம் காலையில் எழுந்ததும் மலையில் ராத்திரி எவ்வளவு பனி விழுந்தது என்று போனில் பார்க்கிறேன். ஆபீஸில் "பனி எப்படி?" என்று ஒருவருக்கொருவர் கேட்டுக்கொள்கிறோம். கேட்டு முடித்ததும் காதில் வேறொன்று ஒலிக்கும். "குத்தாலத்துல தண்ணி விழுதா?" தென்காசிக்காரர் எந்த ஊரில் இருந்தாலும், கல்யாண வீடானாலும் துஷ்டி வீடானாலும், நலம் விசாரித்த கையோடு அடுத்துக் கேட்கப்படுவது இதுதான்.

போன வாரம் அண்ணனிடம் அதைத்தான் கேட்டேன். "இப்பப் போய்க் கேக்கியே, இது சீசனா?" என்று சிரித்தான். பாப்பாவின் பள்ளி விடுமுறை ஜூன் தொடங்கி ஆகஸ்ட் நடுவரை. ஊருக்குப் போனால் நாங்கள் சீசனில்தான் போக முடியும்.

"அப்பன்னா முன்னாடியே சொல்லிரு. ரூம் போட்டு வைக்கணும். அந்த நேரத்துல ஏசி ரூம் கெடைக்காது."

"ரூமா? வீடு என்ன ஆச்சு?"

"மாப்பிள்ளைக்கும் பிள்ளைக்கும் இங்க சரிப்படாது. அருவிக்குப் பக்கத்துலயே இருந்தா உங்களுக்கு வசதி."

உங்களுக்காம். நான் விடவில்லை. ஆச்சி கூட்டிப்போன மாதிரி விடியுமுன் போய்க் குளித்துவிட்டு வந்துவிடுவோம், சீசன் கூட்டம் எங்களை என்ன செய்யும் என்றேன்.

"நாலு மணிக்கா? இப்பல்லாம் நாலு மணிக்கும் கூட்டந்தான். எல்லாம் ஒன்னைய மாதிரி வெளிநாட்டுக்காரங்க. ஜெட்லாக்ல தூக்கம் வராம வந்து நிக்காங்க."

ரூமும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம் என்று கத்திவிட்டுப் போனை வைத்தேன். கொஞ்ச நேரம் கழித்து இவரிடம், பேரருவிக்குப் பக்கத்தில் ஜூலையில் ஏசி ரூம் என்ன வாடகை என்று பார்க்கச் சொன்னேன்.