கடலுக்கடியில் சுற்றும் சுழல்கள்: தேர்வுக்கு எப்படிப் படிக்கலாம்?

இயற்பியல் கடலியல் முதுகலை படிப்பவர்கள் இந்தப் பாடத்தைச் சமன்பாட்டிலிருந்து தொடங்க வேண்டாம். மத்தியதரைக் கடல் நீரால் ஆன 'மெடி' என்ற ஒரு வகைச் சுழலை மட்டும் எடுத்து, பிறப்பிலிருந்து அழிவு வரை படியுங்கள், பாதிப் பாடம் அதிலேயே அடங்கிவிடும்.

மத்தியதரைக் கடலில் ஆவியாதல் அதிகம். அங்கிருந்து ஜிப்ரால்டர் நீரிணையின் அடிப்பக்கமாக அட்லாண்டிக்குக்குள் வழியும் தண்ணீரின் உப்புத்தன்மை 38-க்கு மேல் (ஏறக்குறைய ஒரு கிலோ நீருக்கு இத்தனை கிராம் உப்பு). அது சரிவில் இறங்கும்போதே அட்லாண்டிக் நீரோடு கலந்து, ஏறக்குறைய 1000 மீட்டர் ஆழத்தில் அடர்த்தி சமமானதும் நின்று, பக்கவாட்டில் ஓட ஆரம்பிக்கிறது. போர்ச்சுகலின் செயின்ட் வின்சென்ட் முனையில் கரை சட்டென்று திரும்புகிறது இல்லையா, அந்தப் பக்கம்தான் ஓட்டத்திலிருந்து பிய்ந்து வலஞ்சுழியாகச் சுற்றும் வில்லை வடிவ நீர்த்திரள்கள், அதாவது மெடிகள், உருவாகின்றன. குறுக்களவு 40 முதல் 100 கிலோமீட்டர் வரை.

டி-எஸ் வரைபடத்தை (வெப்பநிலைக்கு எதிராக உப்புத்தன்மை) ஒருமுறையாவது கையால் போட்டுப் பாருங்கள். மெடியின் தண்ணீர் சுற்றியுள்ள நீரைவிட வெதுவெதுப்பானது, பிறகு ஏன் மேலே வரவில்லை? வாய்மொழித் தேர்வில் என்னிடம் முதலில் கேட்டதே இதுதான். வெப்பம் குறைக்கிற அடர்த்தியை உப்பு ஈடுகட்டிவிடுகிறது, அவ்வளவுதான்.

அடுத்த கேள்விதான் முக்கியம்: சுழல் தண்ணீரைச் சுமந்து போகிறதா, இல்லை அலை மாதிரி வடிவம் மட்டும் நகர்கிறதா? உள்ளே நீர் நொடிக்கு 20, 30 சென்டிமீட்டர் வேகத்தில் சுற்றுகிறது, சுழல் மொத்தமாக நகர்வதோ நொடிக்கு ஓரிரு சென்டிமீட்டர்தான். சுற்றும் வேகம் நகரும் வேகத்தைவிட அதிகமாக இருப்பதால் மையத்து நீர் வெளியேற முடியாமல் கூடவே போகிறது. இந்த ஒப்பீட்டை எண்களோடு எழுதுங்கள், மதிப்பெண் அங்கேதான்.

அழிவுக்கு 'ஷாரன்' என்ற மெடி நல்ல உதாரணம். 1984 முதல் 1986 வரை மிதவைகளை உள்ளே விட்டுத் தொடர்ந்தார்கள். சுமார் 1100 கிலோமீட்டர் தெற்கே போனது, போகப் போக ஓரங்களில் வெளிநீர் அடுக்கடுக்காக நுழைந்து அரித்தது, அடியில் உப்பு விரல்கள் வேறு (வெதுவெதுப்பான உப்பு நீர் மெல்லிய விரல்களாகக் கீழிறங்கிக் கலப்பது). சில மெடிகளுக்கு இப்படி மெல்ல அழியும் வாய்ப்பும் இல்லை, கடலடி மலையில் மோதிச் சிதைந்துவிடும்.

இதெல்லாம் பிடிபட்ட பிறகு நிலைச் சுழித்தன்மைச் (potential vorticity) சமன்பாட்டுக்குப் போங்கள். அப்புறம், உலகக் கடல்களில் வெப்பநிலையும் உப்பும் அளக்கும் தானியங்கி ஆர்கோ மிதவைகளின் தரவு இலவசம்; அவை பெரும்பாலும் 1000 மீட்டரில்தான் மிதக்கின்றன, அதாவது மெடி இருக்கும் ஆழத்திலேயே. போர்ச்சுகலுக்கு மேற்கே சில பதிவுகளை இறக்கி வரைந்து பாருங்கள், அந்த ஆழத்தில் உப்புக் கோடு வெளியே புடைத்து நிற்கும்.