எதற்கெடுத்தாலும் ‘கன்ட்ரோல் போடு’ என்று எழுதி சிஐஎஸ்எம்-ல் தோற்ற கதை

சிஐஎஸ்எம் என்பது தகவல் பாதுகாப்பு மேலாளர்களுக்காக ஐசாகா அமைப்பு நடத்துகிற சான்றிதழ் தேர்வு. முதல் தடவை அதை எழுதியபோது நான் வாங்கியது 431. தேற வேண்டியது 450. அது 200-ல் தொடங்கி 800-ல் முடிகிற அளவுகோல், அதனால் அந்த 19 என்பது எத்தனை கேள்வி என்று கணக்குப் போட முடியாது. நான் போட்டுப் பார்த்தேன். தூக்கம் போனதுதான் மிச்சம். மறுபடி எழுத 30 நாள் காத்திருக்க வேண்டும், முழுக் கட்டணமும் திரும்பக் கட்ட வேண்டும். நான் எழுதியபோது உறுப்பினர்களுக்கு 575 டாலர், மற்றவர்களுக்கு 760.

பகுதிவாரியாகப் பார்த்தால் நான் சறுக்கியது ரிஸ்க் மேலாண்மையில். 150 கேள்வியில் அதற்கு 20 சதவீதம், அதாவது முப்பது கேள்வி போல. ஒன்பது வருடமாக ஃபயர்வால், மென்பொருள் ஓட்டையை அடைக்கிற பேட்ச் என்றே காலம் தள்ளுகிறவன் நான். ரிஸ்க் பற்றி எனக்கே பாடமா என்ற நினைப்பு இருந்தது. அந்த நினைப்புதான் கவிழ்த்தது.

ரிஸ்க்குக்கு என்ன பதில் என்பதில் நான்கே வழிகள். அந்த வேலையையே செய்யாமல் விடுவது, கன்ட்ரோல் (பாதுகாப்பு ஏற்பாடு) போட்டுக் குறைப்பது, காப்பீடு அல்லது ஒப்பந்தம் மூலம் சுமையை இன்னொருவர் பக்கம் மாற்றுவது, தெரிந்தே ஏற்றுக்கொள்வது. மனப்பாடம் செய்ய ஐந்து நிமிடம் போதும். ஆனால் தேர்வில் ‘இந்த நான்கும் என்ன?’ என்று யாரும் கேட்பதில்லை. ஒரு நிலவரத்தைச் சொல்லி, நான்கு பதிலும் சரியாகத் தோன்றும்படி வைத்து, ‘மிகச் சிறந்தது எது?’, ‘முதலில் செய்ய வேண்டியது எது?’ என்பார்கள். டெக்னிக்கல் ஆளின் கை தானாகக் ‘குறை’ பக்கம் போகும். என் கை போனது.

எனக்கு விஷயம் புரிந்தது புத்தகத்தில் இல்லை, ஒரு தொழிற்சாலையில். ஒரகடம் பக்கம் வாகன உதிரிபாகம் செய்கிற இடம். அங்கே தரச் சோதனை மெஷின் ஒன்றை ஒரு பழைய விண்டோஸ் 7 கணினி ஓட்டிக்கொண்டிருந்தது. மைக்ரோசாஃப்ட் அதற்கு 2020 ஜனவரி 14-லேயே ஆதரவை நிறுத்திவிட்டது. மெஷின் விற்றவரோ, புது விண்டோஸில் இந்த மென்பொருள் ஓடாது, மெஷினையே மாற்றுங்கள் என்கிறார். நான் பேட்ச் இல்லை, ஆன்டிவைரஸ் இல்லை, யூஎஸ்பி திறந்து கிடக்கிறது என்று அடுக்கிக்கொண்டே போனேன். பிளான்ட் ஹெட் முழுவதையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரே கேள்வி கேட்டார்: “சரி தம்பி, இது உங்க ரிஸ்க்கா, என் ரிஸ்க்கா?”

பதில் சொல்ல வாய் வரவில்லை. மெஷின் நின்றால் லைன் நிற்கும், சரக்கு போகாது, வாடிக்கையாளரிடம் திட்டு வாங்குவது அவர். அப்படியானால் முடிவும் அவருடையது. எவ்வளவு ஆபத்து, என்னென்ன வழி, ஒவ்வொன்றுக்கும் என்ன செலவு என்று எடுத்து வைப்பது மட்டும்தான் என் வேலை. தேர்வில் ‘ரிஸ்க் ஓனர்’ என்ற சொல்லைப் பார்க்கிறபோதெல்லாம் அவர் முகம் ஞாபகத்துக்கு வரும்படி ஆகிவிட்டது. பதில் வரிசையில் ‘பாதுகாப்பு மேலாளர் ரிஸ்க்கை ஏற்கிறார்’ என்று ஒன்று இருந்தால் பெரும்பாலும் அதை அடித்துவிடலாம். ஏற்பது அந்த வேலைக்குப் பொறுப்பானவர், அவர்தான் ரிஸ்க் ஓனர்.

இனி கணக்கு. ஃபார்முலா எல்லாருக்கும் தெரியும், சிக்கல் அதற்குப் பிறகுதான். நானே ஜோடித்த ஓர் உதாரணம்: சொத்தின் மதிப்பு 40 லட்சம். ஒரு சம்பவம் நடந்தால் அதில் 25 சதவீதம் போகும், அதாவது ஒரு தடவைக்கு 10 லட்சம் நஷ்டம். ஐந்து வருடத்துக்கு ஒரு முறை நடக்கலாம் என்றால் வருடத்துக்கு 0.2 தடவை. ஆக வருடாந்திர எதிர்பார்ப்பு நஷ்டம் 2 லட்சம். இதைத் தடுக்க ஒரு கன்ட்ரோல் இருக்கிறது, வருடச் செலவு 3.5 லட்சம், நஷ்டத்தை 80 சதவீதம் குறைக்கும். தடுக்கிற நஷ்டம் 1.6 லட்சம், செலவு 3.5 லட்சம். கட்டுப்படியாகாது. அப்போ ஏற்றுக்கொள்வதுதானே சரி?

அவசரப்படாதீர்கள். கேள்வியின் இரண்டாவது வரியில், ஒரே சம்பவத்தில் 8 லட்சத்துக்கு மேல் நஷ்டம் என்றால் நிறுவனம் தாங்காது என்று நிர்வாகம் முடிவு செய்திருப்பதாகப் போட்டிருப்பார்கள். சராசரி வருடத்துக்கு 2 லட்சம்தான், ஆனால் நடக்கிற அன்றைக்குப் போவது 10 லட்சம். ஏற்றுக்கொள்வது அடிபட்டுப் போகிறது. கன்ட்ரோலும் கட்டாது. வருடம் 60 ஆயிரம் பிரீமியத்தில் காப்பீடு கிடைக்கிறது என்று மூன்றாவது வரியில் இருந்தால் பதில் அதுதான். முதல் தடவை இப்படிப்பட்ட கேள்விகளில் பாதிக்கணக்கோடு நின்றிருக்கிறேன். சராசரி ஒன்று, தாங்கும் அளவு வேறொன்று. இரண்டையும் பார்த்துவிட்டுத்தான் கை வைக்க வேண்டும்.

காப்பீடு என்றதும் ஒன்று. ‘மாற்றிவிடுவது’ என்ற சொல்லே ஆளை ஏமாற்றும். மாறுவது பணச்சுமை மட்டும்தான், பொறுப்பு நம் கழுத்திலேயேதான் தொங்கும். அந்தப் பணமும் சுலபத்தில் வந்துவிடாது. 2017 ஜூன் 27-ல் நாட்பெட்யா என்ற நாசகார மென்பொருள் தாக்கியபோது மெர்க் மருந்து நிறுவனம் சுமார் 140 கோடி டாலர் நஷ்டம் என்று காப்பீடு கேட்டது. இது போர்ச் செயல், பாலிசியில் அதற்கு விலக்கு இருக்கிறது என்று காப்பீட்டாளர்கள் மறுத்தார்கள். வழக்கு நியூ ஜெர்சி நீதிமன்றங்களில் இழுத்தது. 2023 மே மாதம் மேல்முறையீட்டிலும் மெர்க்கே ஜெயித்தது, மீதமிருந்த காப்பீட்டாளர்களோடு சமரசம் ஆனது 2024 ஜனவரியில்தான். ஆறரை வருடம்! இந்தக் கதையைப் படித்த பிறகு, ‘காப்பீடு எடுத்ததும் ரிஸ்க் நீங்கிவிடும்’ என்கிற பதிலைப் பார்த்தாலே சிரிப்பு வரும்.

அவுட்சோர்ஸிங்கும் அதே ஜாதிதான். சம்பளப் பட்டியல் வேலையை வெளியில் ஒருவருக்குக் கொடுத்துவிட்டால் தகவல் கசிவுக்கு அவர் பொறுப்பு என்று நினைப்போம். இந்தியாவின் 2023 டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமே, தரவை நமக்காகக் கையாள்பவர் யாராக இருந்தாலும் கடமை நம்முடையது என்கிறது. போதிய பாதுகாப்பு இல்லாமல் கசிந்தால் அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம்.

சட்டம் பற்றி நம்மூர் ஆட்களுக்கு உறுத்துகிற ஒன்று. ‘சட்டத்துக்கு இணங்க வேண்டுமா?’ என்றால் நாம் கண்ணை மூடிக்கொண்டு ‘கண்டிப்பாக’ என்போம். ஐசாகாவின் பார்வையில் அதுவும் மற்ற ரிஸ்க்குகள் போல ஒன்றுதான். அபராதம் எவ்வளவு, பெயர் கெட்டால் என்ன ஆகும், இணங்க என்ன செலவு என்று எடைபோட்டு மூத்த நிர்வாகம் முடிவெடுக்கும். எனக்கு இது இன்னமும் முழுசாகப் பிடிக்கவில்லை. ஆனால் தேர்வு எழுதுகிற நான்கு மணி நேரம் என் விருப்பு வெறுப்பை வாசலில் கழற்றி வைத்துவிட்டுப் போனேன். புதுச் சட்டம் வந்தால் ‘முதலில்’ செய்வதும், ஓடிப்போய்க் கருவி வாங்குவதில்லை. அது நம்மை எப்படித் தொடுகிறது, இப்போது எங்கே நிற்கிறோம், எவ்வளவு இடைவெளி என்று பார்ப்பதுதான்.

‘தவிர்ப்பது’ பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கேள்வியில் அந்த வேலையையே நிறுத்துகிறார்கள், அந்தச் சேவையையே தொடங்கவில்லை என்று வந்தால் அது. ஒரு நெட்வொர்க் போர்ட்டை மூடுவது தவிர்ப்பது ஆகாது, அது குறைப்பதுதான். பேக்கப்பும் குறைப்பதுதான், நிகழும் வாய்ப்பைத் தொடாது, பாதிப்பைக் குறைக்கும்.

இரண்டாவது தடவை படிக்கும்போது கேள்வி வங்கியில் மதிப்பெண்ணைத் துரத்துவதை விட்டேன். ஒரு நாளைக்கு இருபது கேள்வி, அவ்வளவுதான். ஆனால் தவறான மூன்று பதிலும் ஏன் தவறு என்று கையால் ஒரு வரி எழுதினேன். நோட்டில் திரும்பத் திரும்ப வந்த வரி: ‘ஓனரைக் கேட்காமல் நானே முடிவு செய்துவிட்டேன்.’ அடுத்து அதிகம் வந்தது: ‘மதிப்பிடாமல் கன்ட்ரோலுக்குத் தாவிவிட்டேன்.’ நேரத்தைப் பற்றிப் பயப்படாதீர்கள். கேள்விக்கு 96 விநாடி வருகிறது, எனக்கு நாற்பது நிமிடம் மிஞ்சியது. தவறான பதிலுக்கு மதிப்பெண் கழிப்பதில்லை, ஒன்றையும் காலியாக விடாதீர்கள். முடித்ததும் திரையிலேயே தற்காலிக முடிவு வந்துவிடும். அந்த ஒரு வரியை நான் மூன்று தடவை படித்தேன்.

அந்த விண்டோஸ் 7 கணினி? அதைத் தனி நெட்வொர்க்கில் ஒதுக்கினோம், இணையத்தைத் துண்டித்தோம், யூஎஸ்பியைப் பூட்டினோம். அப்படியும் எஞ்சிய ரிஸ்க்கை ரெஜிஸ்டரில் எழுதி, பிளான்ட் ஹெட்டிடம் கையெழுத்து வாங்கி, ஆறு மாதம் கழித்து மறுபரிசீலனை என்று தேதி போட்டோம். குறைப்பதும் ஏற்பதும் ஒரே பக்கத்தில். போன மாதம் மூன்றாவது முறையாகக் கையெழுத்துப் போட்டுவிட்டுச் சொன்னார்: “புது மெஷினை அடுத்த வருஷ பட்ஜெட்ல போட்டிருக்கேன்.” ரெஜிஸ்டரில் அதையும் குறித்துக்கொண்டேன், தேதியோடு.