உப்புத் தூவ ஒரு மெஷின்

கனடாவில், டொரன்டோவின் ஸ்காபரோவில் சொந்த வீடு இருப்பவர்களுக்குத் தெரியும், ஸ்னோ பெரிய பிரச்சினை இல்லை. அள்ளி ஒதுக்கிவிடலாம். இரவு உறைமழை பெய்து, விடிய எழும்பிப் பார்த்தால் ட்ரைவ்வே, அதுதான் கராஜிலிருந்து ரோட்டுக்குப் போகிற கார்ப்பாதை, முழுக்க ஐஸ் படிந்து மினுங்கும். அதுதான் ஆளை விழுத்தும்.

ஐஸை உருக்க உப்புத்தான் போடுவது. இவ்வளவு காலமும் பழைய ஐஸ்கிரீம் வாளியில் அதை அள்ளிக் கையால்தான் எறிந்தோம். ஓரிடத்தில் குவியல், பக்கத்தில் ஒரு கல்லும் இல்லை. இந்த முறை இவர், "மெஷின் ஒன்று வாங்குவம்" என்று வெளிக்கிட்டுவிட்டார். மாமியும் கூட வந்தார்.

மாமிக்கு இந்த உப்பு விஷயத்தில் எப்போதுமே உடன்பாடில்லை. உப்பு லட்சுமி, காலில் படக்கூடாது என்று வளர்ந்தவர். அவருடைய மகனோ அதை வாசலில் கொட்டி, பூட்ஸ் காலால் நறநறவென்று மிதித்துக்கொண்டு வேலைக்குப் போகிறார்.

கடையில் மூன்று வகை இருந்தது. கையில் பிடித்துக் கைப்பிடியைச் சுற்றுகிற சின்னது ஒன்று, படிக்கட்டுக்கும் நடைபாதைக்கும் போதும். அடுத்தது டிராப் ஸ்பிரெடர். சில்லுகளுக்கு நடுவே நேராகக் கீழே கொட்டும், அங்கால் இங்கால் போகாது. மூன்றாவது பிராட்காஸ்ட். அடியில் ஒரு தட்டு சுழன்று உப்பைச் சுற்றிவர விசிறும். இவருடைய கண் அதிலேயே நின்றுவிட்டது. எனக்கு டிராப்தான் பிடித்தது, ஓரத்தில் என் ரோசாக்கன்றுகள் நிற்கின்றன. உப்புப் பட்டால் வசந்தத்தில் அந்த மண்ணில் புல்லே வராது.

மாமி கேட்டார்: "உரம் போடுற மெஷின் கராஜுக்குள்ள சும்மாதானே கிடக்கு தம்பி?"

கடைப் பையனிடம் இவர் அதை ஆங்கிலத்தில் கேட்டார். அதன் துவாரம் உரத்துக்கு அளவானது, கல் உப்பு அடைத்துக்கொள்ளும், இரும்புப் பாகங்களும் துருப்பிடித்துவிடும் என்றான். அப்புறம் அவன் கேட்ட ஒரே கேள்வி, "உங்கள் ட்ரைவ்வே எவ்வளவு நீளம்?"

இவர் அறுபது அடி என்றார். நான் முப்பது என்றேன். உடனே இவர் பெயின்ட் அடுக்கியிருந்த பக்கம் போய்க் காலடி வைத்து அளக்கத் தொடங்கிவிட்டார். "இது கராஜ் கதவு, அந்த வெள்ளை டின் ரோட்டுக்கரை." நடுவில் தள்ளுவண்டியோடு வந்த ஒரு வெள்ளைக்காரக் கிழவி, எங்கள் ட்ரைவ்வேயில் ஒதுங்கி நின்று வழிவிட்டார்.

இருபதடி ட்ரைவ்வேக்கு ஒரு கோப்பி மக் நிறைய உப்புப் போதும் என்பதுதான் இங்கே பொதுவாகச் சொல்லும் கணக்கு. கல்லுக்குக் கல் இடைவெளி விட்டு விழ வேண்டும், அவ்வளவுதான். அப்படிச் சீராக விழுத்தத்தான் மெஷின், நிறையக் கொட்டுவதற்கு அல்ல. இதை நான் சொல்லச் சொல்ல, இவர் இருபது கிலோ மூட்டைகளைத் தூக்கித் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார்.

இந்த உப்பு எங்கே எடுக்கிறார்கள் என்று மாமி கேட்டார். ஒன்டாரியோவிலேயே கோட்ரிச் என்ற ஊரில், ஹூரன் ஏரிக்கு அடியில், ஐந்நூறு மீட்டருக்கும் கீழே பெரிய சுரங்கம் இருக்கிறது என்றேன். ஆனையிறவில் வெயிலில் விளைந்த உப்பைப் பார்த்தவருக்கு அது நம்பும்படியாக இல்லை. "அவ்வளவு கஷ்டப்பட்டு எடுத்ததையோ ரோட்டில கொட்டுறாங்கள்?"

கடைசியில் பிராட்காஸ்டையே வாங்கினோம், பக்கத்தில் தடுப்புத் தகடு வைத்தது. ரோசாக்கன்றுகளுக்கான சமாதான ஒப்பந்தம் அந்தத் தகடு.

முதல் நாள் இவர் கொஞ்சம் வேகமாகத் தள்ள, கராஜ் கதவில் சடசடவென்று உப்பு மழை. மிச்ச உப்பை மெஷினுக்குள்ளேயே விட்டுவிட்டுப் படுத்தார். அடுத்த தடவை எடுக்கும்போது முழுவதும் ஈரம் குடித்து ஒரே கட்டி. மாமி தேங்காய் உடைக்கிற கத்தியின் பின்பக்கத்தால் நாலு போடு போட்டு அதை உடைத்தார். "உப்புச் சாடிக்குள்ள கொஞ்சம் அரிசி போடுற மாதிரி இதுக்குள்ளயும் போட்டு வையுங்கோ" என்று ஆலோசனை வேறு.

அதற்குப் பிறகு குளிர் மைனஸ் பதினெட்டுக்குப் போனது. மைனஸ் பத்துக்குக் கீழே சாதாரண உப்பு பெரிதாக வேலை செய்யாது. கல்சியம் குளோரைட் வேண்டும், அது விலை கூட. மெஷின் கராஜில் ஓய்வெடுத்தது.

குளிர் கொஞ்சம் தணிந்த ஒரு வெள்ளிக்கிழமை, திரும்பவும் உறைமழை. விளக்கு வைக்கிற நேரம் பக்கத்து வீட்டு அங்கிள் கதவைத் தட்டினார். அவரிடம் உப்பு முடிந்துவிட்டதாம், ஒரு வாளி கிடைக்குமா?

மாமி உள்ளே இருந்தே கையைக் காட்டி மறித்தார். "வெள்ளிக்கிழமை, அதுவும் பொழுதுபட்ட நேரம், வீட்டு உப்பை வெளியில குடுக்கிறதோ?"

வாசலில் அந்த மனிதர் ஒரு காலை வழுக்காமல் ஊன்றிப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். நான் இவரைப் பார்க்க, இவர் மாமியைப் பார்க்க, மாமியே வழியும் சொன்னார்.

"குடுக்கத்தான் கூடாது. நீ போய் அவரின்ர வாசல்ல தூவிப்போட்டு வா. மிச்சத்தைத் திருப்பிக் கொண்டு வா."

இவர் அதற்குள் பூட்ஸ் மாட்டிவிட்டார். அந்த வீட்டு ட்ரைவ்வே எங்களுடையதைவிட இரண்டு மடங்கு நீளம்.