மகுடத்துக்குப் பிறகான த்ரிஷா

1999ஆம் ஆண்டு மிஸ் சென்னை பட்டம் வென்ற த்ரிஷா, சர்ச் பார்க் பள்ளியிலும் எத்திராஜ் கல்லூரியிலும் படித்த நம்மூர்ப் பெண் என்பதில் எனக்கு என்றுமே பெருமிதம் உண்டு. அழகிப் பட்டம் முதல் வாய்ப்பை வாங்கித் தரலாம். இருபது ஆண்டுகளுக்கு மேல் கதாநாயகியாக நிலைத்து நிற்க அது மட்டும் போதாது. ‘ஜோடி’யில் சிம்ரனின் தோழியாகத் தலைகாட்டிய அவர், 2002இல் ‘மௌனம் பேசியதே’ படத்தில் நாயகியானார். பிறகு வந்த ‘சாமி’யும் ‘கில்லி’யும் அவரைப் பட்டிதொட்டியெங்கும் கொண்டுசேர்த்தன.

ஆனால் அவருடைய நடிப்பின் உச்சம் என்று நான் கருதுவது 2018இல் வெளியான ‘96’ படத்தைத்தான். படத்தின் பெரும்பகுதியில் ஒரே மஞ்சள் குர்தாவும் ஜீன்ஸும்தான் அவருக்கு உடை. மின்சாரம் போன இருட்டில் ஜானுவாக வரும் த்ரிஷா ‘யமுனை ஆற்றிலே’ பாடத் தொடங்க, பள்ளிக்காலக் காதலன் ராம் விளக்கைத் தேடித் தடுமாறும் அந்தக் காட்சியில், ஒலிக்கும் குரல் சின்மயியுடையது என்றாலும், இருவரும் தொலைத்த காலம் முழுவதையும் த்ரிஷாவின் முகம்தான் சொல்கிறது.

நடிகைகள் முப்பதைத் தாண்டினாலே ஓரங்கட்டிவிடுகிற திரையுலகில் (நாயகர்களுக்கு அந்தக் கணக்கே கிடையாது), நாற்பதை நெருங்கும் வயதில் ‘பொன்னியின் செல்வன்’ குந்தவையாக, அரசியல் காய்களை நகர்த்தும் சோழ இளவரசியாக, நிமிர்ந்த நடையும் அளந்த புன்னகையுமாக அவர் வந்து நின்றபோது நான் மனமார மகிழ்ந்தேன்.